பள்ளத்தில் விழுந்து எழுந்த கார்கள்

கார்ப் பைத்தியம் பிடித்த நாலு பேர் உட்கார்ந்து ஒரு பழைய வண்டியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? ஒருவர் “அந்த மாதிரி உழைக்கிற வண்டி இனிமேல் வராது” என்பார். பக்கத்தில் இருப்பவர் “அதை வாங்குவதும் தெரிந்தே கிணற்றில் விழுவதும் ஒன்று” என்பார். மூன்றாமவருக்கு அதே காரின் அடுத்த மாடல்தான் உசத்தி. நான்காமவர் அதற்கு முந்தியதைத் தவிர வேறு எதையும் கார் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

புதிதாகக் கேட்பவருக்குத் தலை சுற்றும். இதெல்லாம் அவரவர் ரசனை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் அந்தக் கருத்துகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப்போனால், நாலு பேரும் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியும். ஒரே காரின் நாலு வேறு வயதுகளைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு காரின் ஆயுளை எடுத்துக்கொள்வோம். முதல் சொந்தக்காரர் சர்வீஸ் தேதி தவறாமல் வண்டியை விடுவார். ஐந்தாறு வருடத்தில் கை மாறும். இரண்டாவது ஆளும் ஓரளவு பார்த்துக்கொள்வார். பத்து, பதினைந்து வயதில் அது மூன்றாவது, நான்காவது கைக்குப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வண்டியின் விலை அடிமாட்டு விலைக்கு வந்திருக்கும். உதிரிபாகங்களின் விலையும் மெக்கானிக்கின் கூலியும் இறங்கியிருக்காது. வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும் செலவு வண்டியின் மதிப்பில் ஒரு பெரிய பங்கைத் தின்றுவிடும். ‘இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்’ என்று தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்ட பெல்ட் ஒருநாள் அறுந்தால், பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், என்ஜினே போய்விடும். உடனே “இந்த மாடலே இப்படித்தான்” என்ற பேச்சு கிளம்பும்.

இந்தக் காலத்தைத்தான் பள்ளம் என்கிறேன். ஒரு காருக்கு வரும் கெட்ட பெயரில் பெரும்பகுதி அது பள்ளத்தில் கிடக்கும்போது வருகிறது. அந்த நேரத்தில் பேசப்படுவதெல்லாம் காரைப் பற்றிய செய்தி மட்டும் இல்லை. பராமரிக்க வசதியில்லாதவர்கள் கையில் அது எப்படிக் கிடந்தது என்பதும் அதில் கலந்திருக்கிறது.

அதிலும் விலையுயர்ந்த, சிக்கலான வண்டிகள்தான் ஆழமாக விழுகின்றன. சாதாரண சின்னக் காரில் அதன் மதிப்புக்கும் பராமரிக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி அவ்வளவு பெரிதாக விரியாது. பெரிய சொகுசுக் காரில் அப்படி இல்லை. வாங்கும் விலை சின்னக் காரின் விலைக்கு வந்துவிட்டாலும், அதன் ஏர் சஸ்பென்ஷனும் கியர்பாக்ஸும் புதிதாக இருந்தபோது கேட்ட செலவையே இப்போதும் கேட்கும். பழைய சொகுசு வண்டியை விலை மலிவு என்று வாங்குவது யானையை வாங்குகிற கதை. பிடித்துக்கொண்டு வருவது சுலபம், தீனி போடுவதுதான் கஷ்டம். அனுபவப்பட்ட பிரியர்கள் “மலிவாகக் கிடைக்கும் சொகுசுக் காரைவிட விலை கூடுதலான சொகுசுக் கார்தான் கடைசியில் மலிவு” என்று சொல்வது இதனால்தான்.

பெயர் கெடுவது எப்படி என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் கார், என்எஸ்யூ என்ற ஜெர்மன் கம்பெனியின் ஆர்ஓ 80. 1967இல் வந்தது, அடுத்த ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை வாங்கியது. காற்றைக் கிழித்துப் போகும் அதன் உடல் வடிவத்தை இன்று பார்த்தாலும் ஐம்பது வருடத்துக்கு முந்திய கார் என்று சொல்ல மனம் வராது. உள்ளே இருந்தது பிஸ்டன் இல்லாத வான்கெல் ரோட்டரி என்ஜின். முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று வளைந்த அறைக்குள் சுழலும். அதன் மூன்று முனைகளிலும் இருக்கும் சீல்கள் அறையின் சுவரை விடாமல் உரசிக்கொண்டே போகவேண்டும். அந்த சீல்கள் சீக்கிரம் தேய்ந்தன. குறிப்பாகக் குளிர்ந்த என்ஜினோடு குறைந்த தூரமே ஓட்டியவர்களின் வண்டிகளில் தேய்மானம் அதிகம். கம்பெனி உத்தரவாதத்தின் பேரில் என்ஜின் என்ஜினாக மாற்றிக் கொடுத்தது. இரண்டு ஆர்ஓ 80கள் சாலையில் எதிர்ப்பட்டால், இதுவரை எத்தனை என்ஜின் மாற்றினோம் என்று ஓட்டுநர்கள் விரல் காட்டிக்கொள்வார்களாம். நடந்ததோ இல்லையோ, அந்தக் கதை நிலைத்துவிட்டது. என்எஸ்யூ 1969இல் ஃபோக்ஸ்வாகனுக்குச் சொந்தமான ஆட்டோ யூனியனோடு இணைக்கப்பட்டு ஃபோக்ஸ்வாகனின் கைக்குள் போனது. கார் 1977 வரை வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததும் முக்கியம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பலர் ரோட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தக் குட்டையான இடத்தில் அடங்கக்கூடிய ஃபோர்டு வி4 என்ஜினை வைத்தார்கள். பள்ளத்தின் நியாயம் அது. வண்டி ஓடினால் போதும். இன்று நிலைமை தலைகீழ். சீல்கள் பின்னால் மேம்பட்டன, என்ஜினை எப்படி நடத்தவேண்டும் என்ற அறிவும் பரவியது. வி4 வைத்த ஆர்ஓ 80ஐப் பிரியர்கள் இப்போது இழப்பாகவே பார்க்கிறார்கள். எந்த என்ஜினால் அந்தக் காரின் பெயர் கெட்டதோ, அதே என்ஜினுக்காகத்தான் இன்று அதைத் தேடுகிறார்கள்.

ரோட்டரி என்ஜினைக் கைவிடாமல் வளர்த்தது மஸ்டா. 1978இல் வந்த ஆர்எக்ஸ்-7 பற்றி “ஆயில் குடிக்கும்” என்ற குற்றச்சாட்டு இன்னும் ஓயவில்லை. குடிக்கத்தான் செய்யும். முனை சீல்களுக்கு மசகு வேண்டும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை எரியறைக்குள் செலுத்தும்படியே அந்த என்ஜின் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இது தெரியாத நாலாவது சொந்தக்காரர் சாதாரணக் காரைப் போல நினைத்து ஆயில் அளவைப் பார்க்காமல் ஓட்டினார், என்ஜின் போனது. கம்ப்ரெஷன், அதாவது என்ஜினுக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பார்ப்பதிலும் இதே கதை. சாதாரண மீட்டர் ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டாது. ஒரு முகம் பழுதாகியிருந்தாலும் மற்ற இரண்டின் அழுத்தத்தில் அது மறைந்துவிடும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் பார்த்த அளவுகளைக் காட்டாத விற்பனையாளரிடம் வாங்காதே என்று ஆர்எக்ஸ் ஆட்கள் பிடிவாதமாகச் சொல்வது வெறும் அலட்டல் இல்லை.

சித்ரோயன் டிஎஸ் விஷயமும் இதேதான். 1955 பாரீஸ் கண்காட்சியில் முதல் நாளே ஏறத்தாழ 12,000 பேர் முன்பதிவு செய்த கார் அது. வாயுவும் எண்ணெயும் சேர்ந்து தாங்கும் சஸ்பென்ஷன், பவர் ஸ்டியரிங், பிரேக், கியர் மாற்றம் எல்லாமே ஒரே ஹைட்ராலிக் அமைப்பில் இயங்கின. தொடக்கத்தில் பயன்படுத்திய திரவங்கள் ஈரத்தை உறிஞ்சிக் குழாய்களை உள்ளேயிருந்து அரித்தன. 1960களின் நடுவில் பச்சை நிற மினரல் எண்ணெய் வந்த பிறகு அந்தத் தொல்லை பெருமளவு போய்விட்டது. ஆனால் பச்சை அமைப்பில் யாராவது சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டால் ரப்பர் சீல்கள் முழுவதும் ஊதிக் கெட்டுப்போகும். அப்படி ஊற்றப்பட்ட வண்டிகள் கொஞ்சமா? டிஎஸ்ஸைத் தெரிந்த மெக்கானிக் “அந்தக் காலத்துக் கார்களில் இதுபோல நம்பகமானது குறைவு” என்பார். தெரியாத மெக்கானிக்கிடம் விட்டவர் அதன் பெயரைக் கேட்டாலே கும்பிடு போடுவார். இருவரும் பொய் சொல்லவில்லை.

போர்ஷே 911இன் 996 தலைமுறைக்கு வந்த வசை வேறு வகை. 1963 முதல் காற்றால் குளிர்ந்த என்ஜினோடு வந்த 911, 1997இல் நீரால் குளிரும் என்ஜினுக்கு மாறியது. முகப்பு விளக்குகள் அதே கம்பெனியின் விலை குறைந்த பாக்ஸ்டரைப் போலவே இருந்தன. என்ஜினுக்குள் சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் சில வண்டிகளில் உடைந்து என்ஜினையே கொண்டுபோனது. விளக்கின் வடிவத்தைப் பற்றிய கோபமும் பேரிங் பற்றிய நியாயமான பயமும் ஒன்றாகக் கலந்து, பல வருடம் அதை யாரும் சீந்தவில்லை. அப்புறம் அந்த பேரிங்குக்கு மாற்று வந்தது. காரைப் பார்த்து வளர்ந்த சிறுவர்கள் சம்பாதிக்கத் தொடங்கினார்கள். வசை மெல்லக் குறைந்தது. ஒரு கருத்தில் எவ்வளவு இயந்திரவியல், எவ்வளவு மனத்தாங்கல் என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பள்ளத்தைத் தாண்டிய பிறகு கிடைக்கும் புகழையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. “அந்தக் காலத்து வண்டி, இரும்பு மாதிரி” என்று பேசும்போது நம் கண் முன்னால் நிற்பவை தப்பிப் பிழைத்தவை மட்டுமே. நொறுக்கிக்குள் போனவை சாட்சி சொல்ல வருவதில்லை. கிரீஸ் நாட்டு டாக்ஸி ஓட்டுநர் ஒருவரின் 1976ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு 2004இல் கம்பெனியின் கையிலேயே சேர்ந்தது. அமெரிக்கரான இர்வ் கார்டன் 1966இல் வாங்கிய வால்வோ பி1800, 2013இல் முப்பது லட்சம் மைலைத் தொட்டது. இரண்டும் நல்ல கார்கள்தான். ஆனால் அந்தக் கணக்கைச் சாத்தியமாக்கியது காரின் உறுதி மட்டும் இல்லை, ஓயாமல் கிடைத்த கவனிப்பு. கார்டனின் கார் அரை நூற்றாண்டுக் காலம் ஒரே கையில் இருந்தது. சொல்லப்போனால் அது பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை.

விநோதமான வண்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கார்ப் பிரியர்களின் மனசு உண்மையில் தெரிவது அங்கேதான். கதவு முன்பக்கம் திறக்கும் பிஎம்டபிள்யூ இசெட்டா, தண்ணீரில் இறங்கினால் முன் சக்கரங்களையே சுக்கானாகத் திருப்பி ஓட்டும் ஆம்பிகார், இரண்டு வரிசையிலும் மூன்று மூன்று பேர் உட்காரும் ஃபியட் மல்டிப்லா. ஊரே சிரித்த மல்டிப்லாவை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1999இல் காட்சிக்கு வைத்தது. நாலு மீட்டருக்குள் அடங்கும் நீளத்தில் ஆறு பெரியவர்களைக் கூட்டிப்போகும் கணக்கை அது அழகாகப் போட்டிருந்தது. முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே இருந்த மடிப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் உள்ளே ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு விநோத வண்டியும் ஏதோ ஒரு கேள்விக்கான விடை. சித்ரோயன் 2சிவிக்கு முன் வைக்கப்பட்ட கேள்வி உலகறிந்தது: இரண்டு விவசாயிகளும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் ஏறவேண்டும், உழுத வயலைக் கடந்தாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது. 1948இல் அது வெளிவந்தபோது அதன் என்ஜின் வெறும் 375 சிசி, 9 குதிரைத்திறன். தகர டப்பா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. 1990 வரை உற்பத்தி நிற்கவில்லை. கேள்வியைத் தெரிந்துகொண்டு அந்த நீளமான, மெத்தென்ற சஸ்பென்ஷனைப் பார்த்தால் அதில் ஒரு ஆணி கூட வீணாக அடிக்கப்படவில்லை என்று புரியும். கிழக்கு ஜெர்மனியின் டிராபான்ட்டும் அப்படித்தான். எஃகுத் தகடு போதுமான அளவு கிடைக்காத நாட்டில் பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்தி உடலின் வெளித்தகடுகளைச் செய்தார்கள். டேங்கை என்ஜினுக்கு மேலேயே வைத்துவிட்டதால் பெட்ரோல் தானாக இறங்கும், பம்ப் தேவையில்லை. பல வருடம் காத்திருந்து வாங்கிய அந்தக் காரை 1989இல் பெர்லின் சுவர் விழுந்த பிறகு தெருவோரம் விட்டுவிட்டுப் போனார்கள். ஒரே ஆண்டில் ஒரு முழு மாடலும் பள்ளத்தில் விழுந்ததை வேறு எங்கும் காணமுடியாது. மிஞ்சியவற்றை இன்று பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள்.

பழமையை எப்படிக் காப்பது என்பதில்தான் பிரியர்களுக்குள் சண்டை வலுக்கும். பழைய கார்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது முப்பது வயதாகி, வரலாற்று ரீதியாகச் சரியான நிலையில் காக்கப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியையே பாரம்பரிய வாகனம் என்கிறது. ‘சரியான நிலை’ என்றால் என்ன? மங்கிய பழைய பெயின்டா, கண்ணாடி போல மின்னும் புதுப் பெயின்டா? வெகுகாலம் மின்னுவதே ஜெயித்தது. டிங்கரிங் பார்த்து, பட்டி பூசி, கம்பெனியில் இருந்து வெளியே வந்தபோது இருந்ததைவிடப் பளபளப்பாக்கினார்கள். 2024இல், பழைய கார்களுக்காக அமெரிக்காவில் நடக்கும் பெப்பிள் பீச் போட்டியின் உச்சப் பரிசு, புதுப்பிக்கப்படாமல் காக்கப்பட்ட ஒரு வண்டிக்கு முதல் தடவையாகப் போனது. 1934ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59, தேய்ந்துபோன கறுப்புப் பெயின்டோடு அந்தப் பச்சைப் புல்வெளியில் நின்றது. எனக்கு அது சரியான தீர்ப்பாகவே பட்டது. பெயின்டைத் திரும்ப அடித்துக்கொள்ளலாம், தொண்ணூறு வருடத் தேய்மானத்தைத் திரும்ப உண்டாக்க முடியாது.

ஆனால் எல்லாப் பாகமும் மாறிய பிறகும் அது அதே கார்தானா? 1929, 1930 இரண்டு ஆண்டுகளும் பிரான்சின் லெ மான் கார்ப் பந்தயத்தை வென்ற பென்ட்லி ‘ஓல்ட் நம்பர் ஒன்’ விஷயத்தில் இந்தக் கேள்வி 1990இல் லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனது. பந்தயத்தில் ஓடியபோது இருந்த பாகங்களில் மிகக் கொஞ்சமே அதில் எஞ்சியிருந்தன. ஆனாலும் அந்த வண்டி இடையில் எங்கும் அறுபடாமல் ஒரே வண்டியாகத் தொடர்ந்து வந்திருக்கிறது, எனவே அது அதுவேதான் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். பாகத்தைவிடத் தொடர்ச்சிக்கு எடை கொடுத்த அந்தத் தீர்ப்பு, பழைய வண்டியோடு கட்டுக்கட்டாகப் பில்களையும் சேர்த்து வைப்பவர்களுக்குப் பெரிய பலம்.

பழைய வண்டி வாங்கப் போகிறவருக்கு மேலே சொன்னதெல்லாம் நேரடியாக உதவும். ஒரு மாடலுக்குப் பொதுவாக என்ன பெயர் என்பதைவிட, எதிரே நிற்கிற இந்த ஒரு வண்டி பள்ளத்தை எப்படிக் கடந்தது என்பதையே பார்க்கவேண்டும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல வெளுத்த பிசுக்கு அதிகமாக இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலக்கிறதா என்று சந்தேகப்படவேண்டும், என்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பரிசோதிக்கவேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்த டயர். டயரின் பட்டன் தேயாமல் நிறைய இருந்தும் தேதி மிகப் பழையது என்றால் வண்டி நெடுநாள் நின்றிருக்கிறது. நிற்பதும் வண்டிக்கு ஆகாது. பிரேக் காலிப்பர்கள் இறுகும், சீல்கள் காயும், பெட்ரோல் பிசினாகும். குறைவாக ஓடிய வண்டி என்று கூடுதலாகக் கொடுப்பதற்கு முன்னால் இதை யோசிக்கலாம். என்ஜினைச் சில்லென்ற நிலையில்தான் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லவேண்டும். நாம் போகும்போதே சூடாக இருந்தால் யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். துருவை மாடலுக்கு ஏற்றபடி தேடவேண்டும். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5இல் துணிக்கூரையின் வடிகால் துளைகள் குப்பையால் அடைபட்டு, மழைநீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகட்டுக்குள் இறங்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, உள்ளேயிருந்து அரித்துக்கொண்டே வரும். பட்டி போட்டு மூடிய இடத்தில் காந்தம் ஒட்டாது.

இதோடு விற்பவரிடம் கொஞ்ச நேரம் பேசவேண்டும். கடைசியாக எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் போதும். வண்டியை நேசித்தவர் அரை மணி நேரம் நிறுத்தமாட்டார்.

பிரியர்களின் பேச்சில் எனக்கு உள்ள ஒரே பெரிய மனக்குறை, சாதாரணக் கார்களைப் பற்றி அவர்கள் போதுமான அளவு பேசுவதில்லை என்பது. 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று தெரியும். லட்சக்கணக்கில் செய்யப்பட்ட குடும்பக் கார்கள் பலவற்றில் நல்ல நிலையில் பத்தைக் கண்டுபிடிப்பது பாடாக இருக்கிறது. யாரும் அவற்றை எடுத்து வைக்கத் தோன்றாததால் மொத்தமாகப் பள்ளத்திலேயே முடிந்துபோயின. இங்கிலாந்தில் 2014இல் தொடங்கிய ஒரு விழாவுக்கு அப்படிப்பட்ட கார்களை மட்டுமே கொண்டுவருகிறார்கள்: அப்பா ஓட்டிய செடான், ஆசிரியர் ஓட்டிய ஹேட்ச்பேக், அடிப்படை மாடல், துணி சீட்டு, கையால் சுற்றும் கண்ணாடி. ஒரு காலத்து மக்கள் உண்மையில் எதில் போய்வந்தார்கள் என்பதைக் காட்டுபவை அவைதான்.

இன்று பள்ளத்தில் கிடப்பவை 1990களிலும் அதற்குப் பிறகும் வந்த கார்கள். இவற்றைக் காப்பாற்றுவது வேறு விதமான வேலை. கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தால் ஓடும் தலைமுறை இல்லை இது. 1990களின் தொடக்கத்து மெர்சிடிஸ்கள் சிலவற்றில் என்ஜின் ஒயரின் மேலுறை வெயிலில் காய்ந்த சருகு போல உதிர்ந்துவிடும். அந்தக் காலத்து மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் கெபாசிட்டர்கள் கசிந்து போர்டை அரிக்கின்றன. புதுப் பெட்டி பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே ஸ்பேனர் பிடித்துப் பழகிய கைகள் இப்போது சால்டரிங் இரும்பைப் பிடிக்கக் கற்றுக்கொள்கின்றன. உடைந்த பிளாஸ்டிக் கிளிப்பை அளந்து, கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சில் எடுத்து, அதே கார் வைத்திருக்கும் முகம் தெரியாத ஒருவருக்கும் சேர்த்து இரண்டாக அச்சடித்து அனுப்புகிறார்கள்.